காதுக்குள் ஒரு கிழவர்: ‘பேட்மேன் பியாண்ட்’ தொடரை எப்படிப் பார்ப்பது

‘பேட்மேன் பியாண்ட்’ என்ற அனிமேஷன் தொடர் மொத்தம் 52 அத்தியாயங்கள். ஒவ்வொன்றும் சுமார் 21 நிமிடம் ஓடும். ஆக 18 மணி நேரத்தில் முழுவதையும் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் கிட்ஸ் டபிள்யூபி ஒளிபரப்பில் 1999 ஜனவரி 10 அன்று தொடங்கி, 2001 டிசம்பரில் முடிந்தது. இந்தியா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா பக்கம் ‘பேட்மேன் ஆஃப் தி ஃப்யூச்சர்’ என்ற பெயரில் வந்ததும் இதே தொடர்தான். வேறொன்று என்று நினைத்துத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இந்தத் தொடரைப் பார்த்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள். 1992-இல் வந்த ‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்’ தொடருக்கு ஈடாக நிற்கக்கூடியது இது ஒன்றுதான் என்பது ஒரு கட்சி. முதல் 13 அத்தியாயங்களைத் தாண்டிவிட்டால் மிச்சமெல்லாம் பள்ளிக்கூடக் கதை என்பது இன்னொரு கட்சி. இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. எந்த அத்தியாயத்துக்கு யார் சொல்வது பொருந்தும் என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: பழைய பேட்மேனான கிழவர் புரூஸ் வேய்னுக்கு இந்த அத்தியாயத்தில் உருப்படியான வேலை இருக்கிறதா? இருந்தால் அந்த அத்தியாயம் பெரும்பாலும் நன்றாக இருக்கும்.

தொடக்கமான ‘ரீபர்த்’ இரண்டு பாகம். இதை விட்டுவிட்டு வேறெங்கும் தொடங்கக் கூடாது. வயதாகிவிட்ட பேட்மேன், கடத்தப்பட்ட ஒரு பெண்ணை மீட்கப் போகிறார். நடுச்சண்டையில் நெஞ்சு அடைக்கிறது. அடியாள் கம்பியோடு நெருங்கி வர, கீழே கிடந்த துப்பாக்கியை எடுத்து அவனை நோக்கி நீட்டுகிறார். அவன் பயந்து ஓடுகிறான். துப்பாக்கியால் தாய் தந்தையை இழந்தவர், அதைத் தொடுவதில்லை என்று வாழ்ந்தவர், தன் கையிலிருக்கும் பொருளைப் பார்க்கிறார். அன்றே உடையைக் கழற்றிவைத்துத் தன் ரகசியக் குகையின் விளக்குகளை வரிசையாக அணைத்துவிட்டுப் போய்விடுகிறார். அவர் ஓய்வு பெற வேறு விளக்கம் எதையும் தொடர் சேர்க்கவில்லை, தேவைப்படவும் இல்லை. கதை அங்கிருந்து 20 ஆண்டுகள் தாண்டி, நியோ-காதம் என்ற அடுக்குமாடி நகரத்தில் டெர்ரி மெக்கின்னிஸ் என்ற பள்ளி மாணவனிடம் போய் நிற்கிறது.

டெர்ரி நல்ல பிள்ளை இல்லை. சிறார் சீர்திருத்த இல்லத்தில் இருந்துவிட்டு வந்தவன்; கோபக்காரன்; அப்பாவோடு சண்டை. அந்த அப்பா வாரன், வேய்ன்-பவர்ஸ் நிறுவனத்தில் வேலை செய்பவர். நிறுவனத் தலைவர் டெரெக் பவர்ஸ் மறைவாக நச்சுவாயு ஆயுதம் தயாரிப்பது அவருக்குத் தெரியவந்ததும் கொல்லப்படுகிறார். ஜோக்கர்ஸ் என்ற தெருக் கும்பலிடமிருந்து தப்பி ஓடும் டெர்ரி வேய்ன் மாளிகை வாசலில் போய் நிற்பதும், கைத்தடி ஊன்றிய கிழவர் அந்தக் கும்பலை அடித்து விரட்டுவதும், பையன் தற்செயலாகக் குகையைக் கண்டுபிடிப்பதும், உடையைத் திருடிக்கொண்டு போவதும் மளமளவென்று நடக்கின்றன. ஒரு காட்சிகூட வீண் இல்லை. இரண்டாம் பாகத்தில், உடையை மாட்டிக்கொண்டு சண்டையில் இருக்கும் டெர்ரியின் கைகால்களைப் புரூஸ் தொலைவிலிருந்தே பொத்தானை அழுத்தி முடக்கிவிடுகிறார். காவலாளிகள் அவனைச் சூழ்ந்து அடிக்கிறார்கள். அவன் தன் அப்பாவைப் பற்றிப் பேசுகிறான். கிழவர் யோசிக்கிறார்; உடைக்கு உயிர் திரும்புகிறது. தொடரின் அடிப்படை ஒப்பந்தம் இந்த ஒரு காட்சியில் முடிவாகிவிடுகிறது: உடல் இளைஞனுடையது, கட்டுப்பாடு கிழவருடையது.

அந்த உடையைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்க்க வேண்டும். தொடரின் பலமும் பலவீனமும் அதிலேயே இருக்கின்றன. மேலங்கி கிடையாது. தலை முதல் கால்வரை கறுப்பு, மார்பில் சிவப்பு வௌவால், வாய்கூடத் தெரியாத முகமூடி. கையை விரித்தால் அக்குளுக்குக் கீழே சிவப்பு இறக்கை விரிகிறது. காலணியில் உந்துவிசை இருப்பதால் பறக்க முடியும். விரல்நுனியைச் சுவரில் வைத்தால் மறுபக்கப் பேச்சு கேட்கும். தசைக்கு வலு கூடும். தேவைப்பட்டால் உடலே மறைந்துபோகும். டெர்ரி பார்ப்பதைக் குகையில் உட்கார்ந்திருக்கும் புரூஸும் திரையில் பார்க்கிறார், காதுக்குள் பேசுகிறார்.

காதுக்குள் பேசும் இந்த ஏற்பாடு எழுத்தாளர்களுக்கு எத்தனை வசதி என்பதைக் கவனித்தால் தொடரின் கட்டுமானம் பிடிபடும். வழக்கமான சூப்பர்ஹீரோ கதையில் நாயகன் தனியாக இருக்கும்போது தனக்குத்தானே பேசிக்கொள்வான், இல்லாவிட்டால் எதிரி தன் திட்டத்தை எல்லாம் விளக்கிச் சொல்வான். இங்கே இரண்டும் வேண்டியதில்லை. டெர்ரி ஒரு தடயத்தைப் பார்க்கிறான், கிழவர் அதன் பொருளைச் சொல்கிறார், பையன் எதிர்த்துப் பேசுகிறான். துப்பறிதல், பாடம், சண்டை மூன்றும் ஒரே உரையாடலில் நடந்துவிடுகின்றன. முகமூடி வாயை மூடிவிடுவதால் முகபாவம் காட்ட வழியில்லை. கண் துளைகள் சுருங்குவதும் விரிவதும், தோள் சாய்வதும்தான் பாவம். அதனால் குரல் நடிப்பின் மீது பெரும் பாரம் விழுகிறது. டெர்ரிக்குக் குரல் கொடுத்த வில் ஃப்ரீடில் அந்தப் பாரத்தைத் தூக்கியிருக்கிறார்: நக்கலாகத் தொடங்கி, அடி விழுந்ததும் மூச்சு வாங்கி, பிறகு தணிந்த குரலில் முடிப்பார்.

பலவீனம் இதுதான்: உடை அளவுக்கு மீறி வல்லமை கொண்டது. மறையவும் பறக்கவும் முடிந்தவனுக்குத் தெருத் திருடன் எப்படி ஆபத்தாவான்? அதனால் ஒவ்வொரு அத்தியாயமும் உடையைக் குறைத்துக் காட்ட ஒரு காரணம் தேட வேண்டியிருக்கிறது. நல்ல அத்தியாயங்களில் அந்தக் காரணம் எதிரியின் இயல்பிலிருந்தே பிறக்கும். ‘லாஸ்ட் சோல்’ அத்தியாயத்தில் இறந்துபோன தொழிலதிபர் ஒருவரின் கணினிப் பிரதி உடைக்குள்ளேயே புகுந்துகொள்கிறது. டெர்ரி சாதாரண முகமூடியோடு தன் உடையை எதிர்த்தே சண்டை போட வேண்டியதாகிறது. எளிய கதை, ஆனால் உடை இல்லாதபோது பையனிடம் என்ன மிஞ்சுகிறது என்பதைச் சோதிக்கும் கதை. சுமாரான அத்தியாயங்களிலோ, மறையும் வசதியை டெர்ரி மறந்தே போய்விடுகிறான். பாதிக் கதையில் யாராவது அவனைச் சுவரில் தூக்கி அடிப்பார்கள், உடை பொறி பறக்கும், கடைசி நிமிடத்தில் சரியாகிவிடும். ‘ஏன் மறையவில்லை?’ என்று பல பார்வையாளர்கள் கேட்பது நூற்றுக்கு நூறு நியாயமான கேள்வி.

கெவின் கான்ராய் 1992-லிருந்து பேட்மேனுக்குக் குரல் கொடுத்தவர். அந்தப் பழைய தொடரில் அவர் இரண்டு குரல் வைத்திருந்தார்: பணக்காரர் புரூஸுக்கு மென்மையான குரல், பேட்மேனுக்குக் கீழ்ஸ்தாயிக் குரல். இந்தத் தொடரில் மென்மையான குரல் காணாமல் போய்விட்டது. வேஷம் போட ஆளில்லாத வீட்டில் கிழவருக்கு ஒரே குரல்தான், அதுவும் பேட்மேனின் குரல், கொஞ்சம் கரகரத்து, கொஞ்சம் தேய்ந்து. இதைத் தற்செயல் என்று எடுத்துக்கொள்ள முடியாதபடி ‘ஷ்ரீக்’ அத்தியாயம் செய்துவிடுகிறது. ஒலியை ஆயுதமாக்கும் வால்டர் ஷ்ரீவ், புரூஸின் தலைக்குள் குரல் கேட்பதுபோல் செய்து அவரைப் பைத்தியமாக்கப் பார்க்கிறான். செத்துப்போ என்று அந்தக் குரல் சொல்கிறது. அது தன் மனம் பேசுவதில்லை என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று டெர்ரி கடைசியில் கேட்கிறான். அந்தக் குரல் தன்னைப் புரூஸ் என்று அழைத்தது, தன் மனதுக்குள் தன்னைத் தான் அப்படி அழைப்பதில்லை என்கிறார் கிழவர். பேட்மேன் என்ற பாத்திரத்தைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக எழுதியிருக்கிறார்கள். இந்த இரண்டு வாக்கியம் அளவுக்குத் துல்லியமாகச் சொன்னது மிகக் குறைவு. கான்ராய் 2022 நவம்பரில் காலமானார். அவர் நடிப்பில் எதை முதலில் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு இந்த அத்தியாயத்தைத் தயங்காமல் சொல்லலாம்.

வில்லன்களில் இங்க் முதலிடம். ‘பிளாக் அவுட்’ அத்தியாயத்தில் அறிமுகமாகும் அவள், உடலைத் திரவமாக்கிக்கொள்ளக் கூடிய நாசவேலைக்காரி. தட்டையான கறுப்பு உருவம், ஒரு பக்கம் மட்டும் வெளிறிய முகம். நிழலும் கோடும் குறைந்த இந்தத் தொடரின் வரைபாணிக்கு அளவெடுத்துத் தைத்த பாத்திரம் அது. சாதாரணப் பாத்திரம் ஓடினால் கை, கால், மூட்டு எல்லாம் சரியாக வர வேண்டும். இங்கோ கதவிடுக்கில் வழிந்து, தரையில் பரவி, சாட்டையாக எழுந்து, மீண்டும் பெண்ணாகிறாள். அந்த அசைவில் வரைந்தவர்களின் உற்சாகம் தெரிகிறது. கதை அளவிலும் அவளை விட்டுவிடவில்லை. ‘டிஸப்பியரிங் இங்க்’ அத்தியாயத்தில் உறைந்துகிடக்கும் அவள்மேல் ஆசைப்பட்டு விடுவிக்கும் காவலாளிக்குக் கிடைக்கும் பரிசு, குழந்தைகள் தொடரில் வந்த கொடூரமான முடிவுகளில் ஒன்று. அதே அத்தியாயத்தில் டெர்ரியைக் காப்பாற்ற, புரூஸ் எந்திரக் கவசம் ஒன்றை மாட்டிக்கொண்டு இறங்குகிறார். இதயம் தாங்காது என்று தெரிந்தும் இறங்குகிறார். மூன்றாம் பருவத்தின் ‘இங்க்லிங்’ அவளுடைய மகளைக் கொண்டுவந்து கணக்கை முடிக்கிறது. மூன்றையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு முழுப் படம் பார்த்த நிறைவு வரும்.

பிளைட் விஷயத்தில் இதற்கு நேர் எதிர். டெர்ரியின் அப்பாவைக் கொல்ல வைத்த டெரெக் பவர்ஸ், தன் நச்சுவாயுவே தன்மேல் பட்டு, அதற்கான கதிரியக்கச் சிகிச்சையில் பச்சையாக ஒளிரும் எலும்புக்கூடாகி, பிளைட் என்ற வில்லனாகிறான். மேலே செயற்கைத் தோல் போட்டு மறைத்துக்கொண்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பான். கோபம் வந்தால் கதிர்வீச்சு கூடித் தோல் எரிந்து கழன்றுவிடும். நிறுவனத் தலைவர் கூட்டத்தில் நிதானம் இழக்கக் கூடாது என்ற சாதாரண விதி, அவனுக்கு உயிர்ப் பிரச்சினை. நல்ல கற்பனை. ஆனால் முதல் பருவம் முடியும் ‘அசென்ஷன்’ அத்தியாயத்தோடு அவன் கதை நின்றுவிடுகிறது. பிறகு வருவதே இல்லை. நாயகனின் சொந்தப் பகையை 13-ஆவது அத்தியாயத்தில் கழற்றிவிட்டு இன்னும் 39 அத்தியாயம் ஓட்டியது இந்தத் தொடர் செய்த மிகப் பெரிய தவறு. அப்பாவின் சாவு பிறகு அபூர்வமாகத்தான் பேசப்படுகிறது. டெர்ரியின் அம்மா மேரி, சாப்பிட்டாயா, எங்கே போகிறாய் என்று கேட்கும் அளவிலேயே தங்கிவிடுகிறார்.

முதல் பருவத்தில் இன்னும் மூன்றைச் சொல்லியாக வேண்டும். ‘மெல்ட்டவுன்’ பார்ப்பதற்கு முன் பழைய தொடரின் ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’, அதன் தொடர்ச்சியான ‘தி நியூ பேட்மேன் அட்வென்ச்சர்ஸ்’ தொடரின் ‘கோல்ட் கம்ஃபர்ட்’ இரண்டையும் பார்த்துவிடுங்கள். மிஸ்டர் ஃப்ரீஸ் ஏன் வெறும் தலையாக மிஞ்சியிருக்கிறான் என்பது அப்போதுதான் புரியும். திருந்த நினைக்கும் கிழட்டுக் குற்றவாளியை நம்பலாமா என்ற கேள்வியில் புரூஸும் டெர்ரியும் எதிரெதிராக நிற்கிறார்கள். அந்த மோதல் பழைய கதை தெரிந்தவர்களுக்குத்தான் முழுதாக உறைக்கும். ‘டெட் மேன்ஸ் ஹேண்ட்’ அத்தியாயத்தில் டெர்ரி காதலிக்கும் மெலனி, ராயல் ஃப்ளஷ் கும்பலைச் சேர்ந்தவள் என்று தெரியவருகிறது. மனம் உடைந்தவனிடம் கிழவர் சிரித்துக்கொண்டே செலினா கைல் என்ற பெண்ணைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறார். அந்தச் செலினாதான் பழைய கதையின் பூனைப் பெண் என்று தெரிந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பின் கனம் தெரியும். ‘தி வின்னிங் எட்ஜ்’ பள்ளி விளையாட்டு வீரர்கள் போதை ஒட்டுப் பட்டை போடும் கதை. அந்த மருந்தின் மூலம் தேடிப் போனால் படுக்கையில் உருக்குலைந்து கிடக்கும் ஒரு பழைய எதிரியிடம் போய் முடிகிறது. பள்ளிக் கதையையும் பழைய காதம் நகரத்தையும் இணைப்பது எப்படி என்பதற்கு இதுவே சரியான மாதிரி. பிற்பாடு வந்த பள்ளிக் கதைகள் பல, இந்த இணைப்பைச் செய்ய மறந்தன.

இரண்டாம் பருவம் 26 அத்தியாயம். சறுக்கல் அதிகம் இங்கேதான். பதின்வயதுப் பேட்மேன் வேண்டும் என்று தொலைக்காட்சி நிறுவனம் கேட்டதால் பிறந்த தொடர் இது. அந்தக் கோரிக்கையின் தடம் இந்தப் பருவத்தில் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. ஒவ்வொரு வாரமும் டெர்ரி படிக்கும் ஹாமில்ட்டன் ஹில் பள்ளியில் யாராவது ஒரு மாணவனுக்குப் புது எந்திரம் கிடைக்கும், கெட்டுப்போவான், பேட்மேன் வருவான். ‘டெர்ரிஸ் ஃப்ரெண்ட் டேட்ஸ் எ ரோபாட்’, ‘சென்ட்ரீஸ் ஆஃப் தி லாஸ்ட் காஸ்மாஸ்’, ‘ஜாய்ரைட்’, ‘ரேட்ஸ்’ ஆகியவற்றைத் தவிர்த்தால் நஷ்டமில்லை. ‘ஹூக்டு அப்’ மெய்நிகர் உலகத்துக்கு அடிமையாகும் பிள்ளைகளைப் பற்றியது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் எடுத்தது என்பதை நினைத்தால் மதிப்பு கூடும், ஆனால் கதையாகச் சுமார்.

அதே பருவத்தில் விடக் கூடாதவையும் இருக்கின்றன. ‘எர்த் மூவர்’ மண்ணுக்குள் புதைக்கப்பட்ட ஒருவன் மண்ணாகவே திரும்பி வரும் கதை. ‘ஸ்னீக் பீக்’ சுவருக்குள் புகுந்து வேவு பார்க்கும் தொலைக்காட்சிச் செய்தியாளனின் கதை. அவன் முடிவு என்னவாகும் என்பது தர்க்கப்படி முன்கூட்டியே தெரிந்தாலும் பார்க்கும்போது உடம்பு கூசும். ‘ஏப்ரல் மூன்’ முடிவைக் காட்டாமலே முடித்துப் பயமுறுத்துகிறது. ‘ஐவிட்னஸ்’ பேட்மேன் கொலை செய்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகக் காவல் ஆணையர் பார்பரா கார்டன் நம்பும் கதை. ஒருகாலத்தில் பேட்கேர்ளாக இருந்தவர் அவர் என்பதால் அந்த நம்பிக்கைக்குக் கனம் வருகிறது. ‘ஏஸ் இன் தி ஹோல்’ புரூஸின் நாயை மையமாக வைத்தது. கிழவருக்கு மனிதரிடம் காட்டத் தெரியாத பாசம் அந்த நாயிடம் போவதைக் காட்டுகிறது.

மேக்ஸ் கிப்சன் பற்றிய சண்டை இன்றும் ஓயவில்லை. ‘ஹிடன் அஜெண்டா’ அத்தியாயத்தில் கணினியில் கணக்குப் போட்டு டெர்ரியின் ரகசியத்தை நெருங்கிவிடும் பெண் அவள். கிரீ சம்மரின் குரலில் துடிப்பான பாத்திரம். ஆனால் அவள் வந்ததும் டெர்ரிக்குத் தகவல் தேடித் தர இரண்டு பேர் ஆகிவிட்டார்கள். ஒன்று புரூஸ், ஒன்று மேக்ஸ். ஒரே வேலைக்கு இருவர் என்றால் ஒருவர் வெறுமனே நிற்க வேண்டும். மேக்ஸ் வரும் அத்தியாயங்களில் பெரும்பாலும் கிழவர்தான் ஓரங்கட்டப்படுகிறார். மேக்ஸ்மேல் பலருக்கு வரும் எரிச்சலின் காரணம் இதுதான், பாத்திரத்தின் குணம் இல்லை. ‘வேர்ஸ் டெர்ரி?’ அத்தியாயத்தில் டெர்ரி காணாமல் போக, அவளும் கிழவரும் சேர்ந்து தேடுகிறார்கள். அங்கே அவள் சட்டென்று பொருந்திவிடுகிறாள். காதலி டேனாவுக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. டெர்ரி நேரத்துக்கு வராததற்குக் கோபிப்பது மட்டுமே அவள் பங்கு. மூன்று பருவம் முழுக்க ஒரு பெண்ணை வாசலிலேயே காத்திருக்க வைத்ததை மன்னிக்க முடியாது.

மூன்றாம் பருவம் 13 அத்தியாயம்; எண்ணிக்கையில் சிறியது, கனத்தில் பெரியது. ‘அவுட் ஆஃப் தி பாஸ்ட்’ தொடரின் உச்சம். புரூஸின் பிறந்தநாளுக்கு டெர்ரி அவரைப் பேட்மேன் பற்றிய இசை நாடகத்துக்கு அழைத்துப் போகிறான். கிழவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அதே இரவில் பழைய காதலி தாலியா வயதே ஆகாமல் வந்து நிற்கிறாள், இளமையைத் திருப்பித் தருவதாகச் சொல்கிறாள். இதற்கு முன் பழைய தொடரின் ‘தி டீமன்ஸ் குவெஸ்ட்’ இரண்டு பாகத்தையும் பார்த்தாக வேண்டும். பார்க்காவிட்டால் கடைசித் திருப்பம் வெறும் அதிர்ச்சியாக நின்றுவிடும். ‘பிக் டைம்’, ‘பிட்ரேயல்’ இரண்டும் டெர்ரியைச் சிறைக்கு இழுத்துச் சென்ற பழைய கூட்டாளி சார்லியின் கதை; அடுத்தடுத்துப் பாருங்கள். ‘தி கால்’ இரண்டு பாகம், வயதான சூப்பர்மேனும் எதிர்கால ஜஸ்டிஸ் லீகும் வருவது. குழுவில் துரோகி யார் என்ற மர்மம் நன்றாகப் போகிறது; சண்டைக் காட்சிகள் தொடரிலேயே பெரியவை. ‘கர்ஸ் ஆஃப் தி கோப்ரா’ நீளத்துக்கேற்ற பலம் இல்லாதது. கடைசியாக ஒளிபரப்பான ‘அன்மாஸ்க்டு’ ஒரு சாதாரண வாரத்துக் கதை. அதில் முடிவுரை எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

இந்தத் தொடரையொட்டி வந்த படத்துக்கு வருவோம். ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஜோக்கர்’ இரண்டு வடிவங்களில் இருக்கிறது. குழந்தைகள் படைப்புகளில் வன்முறை பற்றி அமெரிக்காவில் எழுந்த கண்டனத்தால் 2000 டிசம்பரில் வெட்டப்பட்ட வடிவம் வெளியானது. வெட்டாத வடிவம் 2002-இல் வந்தது. வித்தியாசம் ரத்தத்தின் அளவில் மட்டும் இல்லை. பழைய காலக் காட்சியில் ஜோக்கரின் முடிவே மாறிவிடுகிறது. மாறியதால், பேட்மேனின் துணையாளன் ராபினாக இருந்த டிம் டிரேக் ஏன் அத்தனை ஆண்டுகள் நொறுங்கிக் கிடந்தான் என்பதற்கான காரணமும் வலுவிழக்கிறது. வெட்டிய வடிவத்தைப் பார்த்தவர்கள் படம் பரவாயில்லை என்பார்கள், வெட்டாததைப் பார்த்தவர்கள் தூக்கம் போனது என்பார்கள். இரண்டு அபிப்பிராயமும் வெவ்வேறு படத்தைப் பற்றியவை என்று புரிந்துகொள்ள வேண்டும். வாங்கும்போது அட்டையில் பிஜி-13 (13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெற்றோர் கவனம் தேவை என்னும்) மதிப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள்; வெட்டாத வடிவத்துக்கு அதுதான். பிள்ளைகளுக்குக் காட்டுவதாக இருந்தால் தொடரை எட்டு ஒன்பது வயதிலிருந்து தரலாம், இந்தப் படத்தை 13 வயதுவரை தள்ளிவையுங்கள். பார்க்க ஏற்ற இடம் ‘அவுட் ஆஃப் தி பாஸ்ட்’ முடிந்த பிறகு.

படத்தின் கடைசிச் சண்டையில் கிழவரின் அளவுகோல் வேறு திசையில் வேலை செய்கிறது. மார்க் ஹாமில் குரல் கொடுத்த ஜோக்கர், புரூஸை உடைத்த அதே வழியில் டெர்ரியையும் உடைக்கப் பார்க்கிறான். டெர்ரியோ பேசிக்கொண்டே இருக்கிறான், கேலி செய்கிறான், புரூஸ் ஒருநாளும் செய்யாததைச் செய்கிறான். காதுக்குள் யாரும் இல்லாமல் பையன் ஜெயிக்கும் முக்கியமான இடம் இதுவே. 50 அத்தியாயப் பாடம் எடுத்த பிறகு மாணவன் ஆசிரியரின் வழியை விட்டுவிட்டுச் சொந்த வழியில் ஜெயிப்பது எழுத்தில் அபூர்வமாக வரும் திருப்தி.

அடுத்து வருவது கதையை உடைக்கும் விஷயம். தொடரைப் பார்த்து முடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். 2005 ஜூலையில் ‘ஜஸ்டிஸ் லீக் அன்லிமிட்டட்’ தொடரில் வந்த ‘எபிலாக்’ அத்தியாயம், டெர்ரி மரபணுப்படி புரூஸின் மகன் என்று சொல்கிறது. பேட்மேனுக்கு வாரிசு வேண்டும் என்று அரசு அதிகாரி அமாண்டா வாலர், வாரனுக்கே தெரியாமல் அவர் உடலில் புரூஸின் மரபணுவைச் செலுத்திவிட்டார் என்பது விளக்கம். தெருவில் போன ஒரு பையன் தானாகத் தேர்ந்து பேட்மேனாகிறான் என்பதுதானே தொடரின் அழகு, ரத்த உறவு என்றாக்கிக் கெடுத்துவிட்டார்கள் என்று கொதிப்பவர்கள் ஏராளம். அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் அத்தியாயத்தை முழுதாகப் பார்த்தால், வாலர் டெர்ரியை நிறுத்திவைத்துச் சொல்வதெல்லாம் நீ அவர் நகல் இல்லை, நீ எடுத்த முடிவுகள் உன்னுடையவை என்பதுதான். டெர்ரி அதன்பின் செய்வதும் முழுக்க அவனுடைய முடிவு; மோதிரம் வாங்கி வைத்துக்கொண்டு டேனாவை அழைக்கிறான். காத்திருந்த பெண்ணுக்குத் தொடர் செலுத்தாத கடனை இந்த அத்தியாயம் செலுத்துகிறது. மரபணுக் கதை இல்லாமலேகூட இதைச் செய்திருக்கலாம் என்பது மட்டும் குறை. பார்ப்பதற்கு முன் ‘தி கால்’ பார்த்திருந்தால் போதும். வாலர் யார் என்று தெரிய ‘ஜஸ்டிஸ் லீக் அன்லிமிட்டட்’ தொடரில் அவர் நடத்தும் காட்மஸ் என்ற ரகசிய அரசுத் திட்டத்தின் கதைகளையும் பார்த்திருந்தால் இன்னும் நல்லது.

இசையையும் தலைப்புக் காட்சியையும் குறை சொல்பவர்களைக் காண்பது அரிது. பழைய தொடரின் வாத்தியக் குழு இசைக்குப் பதிலாக இங்கே மின்கிட்டாரும் மின்னணுத் தாளமும். முகப்பு இசை கிறிஸ்டோஃபர் கார்ட்டருடையது. பின்னணியில் ஷர்லி வாக்கர், லோலிட்டா ரிட்மானிஸ், மைக்கேல் மெக்குயிஸ்டியன் ஆகியோரும் சேர்ந்து உழைத்திருக்கிறார்கள். தலைப்புக் காட்சியைச் செய்தவர் ஓவியர் டார்வின் குக். மெத்தனம், பேராசை, ஊழல் என்று தொடங்கித் துணிவு, நீதி என்று முடியும் சொற்கள் ஒரு நிமிடத்துக்குள் பளிச்சிட்டு மறையும். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் ஒவ்வொரு சட்டகமும் ஒரு சுவரொட்டி.

வட்டாக வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019-இல் வந்த முழுத் தொடர் ப்ளூ-ரே பெட்டியில் படமும் சேர்ந்தே வருகிறது. 41 அத்தியாயங்கள் மூலப் படச்சுருளிலிருந்து மெருகேற்றப்பட்டவை. மீதி 11-க்குச் சுருள் சரியாகக் கிடைக்காததால் பழைய வீடியோவைப் பெரிதாக்கிப் போட்டிருக்கிறார்கள். கோடு மங்கலாகத் தெரிந்தால் உங்கள் வட்டிலோ தொலைக்காட்சியிலோ கோளாறு இல்லை. தொடர் 4:3 விகிதத்தில் எடுக்கப்பட்டது. தொலைக்காட்சி தானாகப் படத்தை இழுத்து அகலமாக்கினால், பட அளவு அமைப்பில் போய் அதை நிறுத்திவிட்டு இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். இழுத்த படத்தில் டெர்ரி குட்டையாகத் தெரிவான். உயரத்தை நம்பி வரைந்த நியோ-காதம் கட்டடங்கள் அத்தனையும் சப்பையாகிவிடும்.